விட்டுப்போன வரிகள்

இலக்கியக் கூட்டங்களில் என்னிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். வேலைக்கும் போகிறீர்கள், குடும்பமும் இருக்கிறது, இத்தனை பக்கம் எப்போது எழுதுகிறீர்கள், எப்போது படிக்கிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள்? பல வருடங்கள் இதற்கு ஒரே பதிலைச் சொல்லிவந்தேன். காலை நாலரைக்கு எழுந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது என்பேன். கைதட்டுவார்கள். ஒரு கல்லூரியில் மாணவிகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பதிலை நான் சொல்வதில்லை. கூட்டங்களுக்குப் போவதும் நின்றுவிட்டது. எனக்கு அந்த நேரமெல்லாம் யாரிடமிருந்து வந்தது என்பதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். எந்த வாய்க்காலில் எத்தனை அடி தண்ணீர், எந்த மதகு பழுது, வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர்கள் எப்போது மறியல் செய்யப் போகிறார்கள் என்பதெல்லாம் என் மேசையில் காகிதமாக வந்து சேரும். வீடு கும்பகோணத்துக்கு வெளியே, அரசலாற்றை ஒட்டிய தெருவில். மனைவிக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம்.

பெண் பார்க்கப் போனபோது என் மாமா பெருமையாக, "மாப்பிள்ளை கதையெல்லாம் எழுதுவார்" என்றார். அதுவரை குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுதி வெளியானது மொத்தமே இரண்டு கதைகள். அதில் ஒன்றை அவள் படித்திருந்தாள். கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். தென்னங்கன்று வரிசைகளுக்கு நடுவே நின்றுகொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அந்தக் கதையில கடைசியில அந்தப் பொண்ணு எதுக்குங்க செத்தா?"

"அது... கதைக்கு ஒரு முடிவு வேணும்ல."

"சாகாமலே முடிச்சிருக்கலாம்."

அன்று இரவே மாமாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன்.

என்னைவிட அவள் அதிகம் படித்தவள் என்பது கல்யாணமான முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. படிப்பென்றால் பட்டப் படிப்பு இல்லை, பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். புத்தகப் படிப்பு. கிளை நூலகத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று உறுப்பினர் அட்டைகள். அவள் பெயரில் ஒன்று, என் பெயரில் ஒன்று, பிறகு மகள் பெயரில் ஒன்று. மூன்றிலும் அவளே புத்தகம் எடுப்பாள். எல்லாம் எடுப்பாள். நாவல், பயணக் கதை, பூச்சிகளைப் பற்றி, துருவப் பிரதேசத்தைப் பற்றி. நான் என் எழுத்துக்கு உதவும் என்று தோன்றினால்தான் ஒரு புத்தகத்தைத் தொடுவேன். அவளுக்கு அப்படி ஒரு கணக்கும் கிடையாது.

ஐந்து மணிக்கு எழுந்தால் அவளுக்கு மதியம் ஒன்றரை வரை உட்கார நேரமிருக்காது. சாப்பாடு முடிந்து, பாத்திரத்தை ஒழித்துப் போட்டுவிட்டு, கூடத்துச் சன்னலுக்குக் கீழே தலையணையை வைத்து ஒருக்களித்துப் படுப்பாள். புத்தகத்தைத் தரையில் நிறுத்திக்கொள்வாள். மூன்று மணி வரை அவள் அந்த வீட்டில் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருக்கும்போது சொல்லிவைப்பாள்: "யாராவது வந்தா நான் தூங்கறேன்னு சொல்லிடுங்க."

"படிக்கிறேன்னு சொன்னா என்ன?"

"தூங்கறவளை எழுப்ப மாட்டாங்க. படிக்கிறவள்னா, சும்மாதானே இருக்கேன்னு உள்ள வந்து உக்காந்துடுவாங்க."

அவளுக்கு இருந்த ஓய்வு அது ஒன்றுதான். படிப்பும் அதுதான். அந்த ஒன்றரை மணி நேரத்தை நான்தான் எடுத்துக்கொண்டேன்.

எடுத்தது திடீரென்று நடக்கவில்லை. என் முதல் நாவலைக் கையெழுத்துப் பிரதியாகவே பதிப்பாளர் வாங்கிக்கொண்டார். இரண்டாவதுக்கு, கணினியில் அடித்து அனுப்பினால்தான் முடியும் என்றார். எனக்குக் கையால் எழுதினால்தான் ஓடும். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறையில் வந்தபோது தன் பழைய மடிக்கணினியில் அம்மாவுக்குத் தமிழ் அடிக்கக் கற்றுக்கொடுத்தாள். மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். அவளுக்கே அது பெருமையாக இருந்தது. நான் விடிகாலையில் எழுதிய பக்கங்களை மேசையில் வைத்துவிட்டு அலுவலகம் போவேன். சாயங்காலம் வரும்போது அடித்து முடித்திருப்பாள்.

ஆரம்பத்தில் அது எங்கள் இருவருக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் எனக்குக் குறிப்பு எழுதிவைப்பாள். "ஊரே அறுவடை செய்கிற தை மாசத்தில் இவன் நாற்று விடுகிறான். இவனுக்கு யார் நிலம் கொடுத்தது?" என்று ஒருமுறை. "இந்த அம்மாள் நாலாவது அத்தியாயத்தில் காபி குடிக்க மாட்டேன் என்றாள். இப்போது இரண்டாவது டம்ளர் கேட்கிறாள்" என்று இன்னொரு முறை. அந்த இரண்டாவது நாவல் நன்றாக அமைந்ததற்கு அவள் குறிப்புகள் ஒரு காரணம்.

மூன்றாவது நாவல் பெரியது. கடைமடைக் கிராமம் ஒன்றின் கதை. மூன்றரை வருடம் எழுதினேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் நாலைந்து முறை மாற்றினேன். மாற்றிய ஒவ்வொரு முறையும் அவள் அடித்தாள். சன்னலுக்குக் கீழே தலையணை போடுவது நின்றுவிட்டது. நூலகப் புத்தகங்கள் தவணை தாண்டியும் அலமாரியில் கிடந்தன. ஒருநாள் அவற்றைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டு, "திருப்பிக் குடுத்துட்டு வந்துடுங்க. இப்போதைக்கு வேணாம்" என்றாள். நான் போகிற வழியில் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாவலின் நடுப்பகுதியில்தான் வரிகள் விட்டுப்போக ஆரம்பித்தன.

முதலில் ஒன்றிரண்டு. பக்கத்துக்கு ஒன்றாக ஆனபோது எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு வரியின் பின்பாதியோடு அடுத்த வரியின் முன்பாதி ஒட்டிக்கொண்டு அர்த்தமில்லாமல் நிற்கும். சில இடங்களில் வரியின் தொடக்கத்தில் இருந்த இரண்டு சொற்கள் காணாமல் போயிருக்கும். சரிபார்க்கவே எனக்கு என் காலை நேரம் போயிற்று. சுட்டிக்காட்டினால், "அச்சச்சோ" என்று சொல்லித் திருத்துவாள். மறுநாள் மறுபடி.

வீட்டிலும் சில மாற்றங்கள் இருந்தன. நிலைப்படியில் தோளை இடித்துக்கொள்வாள். மேசை ஓரத்தில் வைத்த டம்ளர் அவள் கைபட்டு விழும். சாம்பாரை இலையின் விளிம்பில் ஊற்றுவாள். ஒருமுறை அரசலாற்றுக் கரையில் நடந்து வந்தபோது, எதிரே வந்த பக்கத்து வீட்டம்மாளைப் பார்க்காமல் தாண்டிப் போய்விட்டாள். "ரொம்பத்தான் ராங்கியாயிடுச்சு உங்க வீட்டம்மாவுக்கு" என்று அந்த அம்மாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். இதையெல்லாம் நான் கவனித்தேன். எழுத்தாளனுக்குக் கவனிப்பதுதானே தொழில். சாம்பார் விளிம்பில் ஊற்றப்படுவதை நாவலில் ஒரு பாத்திரத்துக்குக்கூடப் பயன்படுத்திக்கொண்டேன். அவள் அதையும் அடித்துக் கொடுத்தாள்.

ஒரு புரட்டாசி மாத சனிக்கிழமை. முக்கியமான ஒரு அத்தியாயத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாவுக் காட்சி. அதன் கடைசி வரியே இல்லை. அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"கடைசி வரி எங்க?"

"எந்தக் கடைசி வரி?"

"அதுக்காகத்தான் அந்த அத்தியாயமே எழுதினேன். அதை விட்டுட்டு அடிச்சிருக்க. மனசு இங்க இல்லன்னா விட்டுடு. நான் கடையில குடுத்து அடிச்சுக்கிறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மனசு இங்கதாங்க இருக்கு" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து மேசையில் ஒரு அட்டைத் துண்டு இருந்தது. கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்து நீளமாக வெட்டி எடுத்தது. ஒவ்வொரு வரிக்கும் கீழே அதை வைத்து, வரி முடிந்ததும் இறக்கி, அப்படி அடித்திருக்கிறாள். தப்புகள் குறைந்தன. அக்கறை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை கண்ணைப் பற்றி என்னிடம் சொன்னாள். முதல் முறை, "ஓரம் சரியாத் தெரியலங்க. பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரியே ஒரு நிழலு" என்றாள். சனிக்கிழமை கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். எதிரே மாட்டியிருந்த எழுத்துப் பலகையில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை வாசித்தாள். கடைக்காரர் பவரைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்தார். "இப்ப நல்லாத் தெரியுதா?" என்றதற்கு, "தெரியுதுங்க" என்றாள். நேரே பார்ப்பது அவளுக்கு அப்போது தெரிந்துதான் இருந்தது. எனக்கும் ஒரு வேலை முடிந்த நிம்மதி.

இரண்டாவது முறை, ஏழெட்டு மாதம் கழித்து. "தஞ்சாவூர்ல கண்ணாஸ்பத்திரியில ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். அப்போது நான் கடைசி மூன்று அத்தியாயத்தில் இருந்தேன்.

"இந்த மாசம் முடியட்டுமே. பதிப்பாளர் காத்திட்டிருக்கார்."

"சரிங்க."

அந்த மாதம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. அவள் மறுபடி கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் வரவில்லை.

நாவல் வெளியீட்டு விழா தஞ்சாவூரில் நடந்தது. நல்ல கூட்டம். ஏற்புரையில், என் மனைவி இல்லாமல் இந்த நாவல் இல்லை என்று சொன்னேன். அரங்கம் கைதட்டியது. ஒருங்கிணைப்பாளர் முதல் வரிசைக்கு இறங்கிப் போய் அவளுக்குப் போர்த்த ஒரு சால்வையை நீட்டினார். பக்கவாட்டில் நின்று நீட்டினார். அவள் திரும்பவேயில்லை. மேடையைப் பார்த்தபடி, என்னைப் பார்த்தபடி புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் நீட்டிய கையோடு நின்றார். யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். திடுக்கிட்டு எழுந்தாள். மேடையில் இருந்த எனக்கு அப்போது வந்தது வெட்கம்தான். சபையில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லையே என்று.

அந்தப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகள் வந்தாள். மாட்டுப் பொங்கலன்று மாலை மூவரும் தாராசுரம் கோயிலுக்குப் போனோம். வெளியே சாலை உயரத்திலிருந்து கோயில் முற்றத்துக்குப் படியிறங்க வேண்டும். விடுமுறைக் கூட்டம். மகளும் நானும் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டோம். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினோம். மூன்றாவது படியிலிருந்து கீழே வந்து விழுந்திருந்தாள். முழங்கையில் ரத்தம். கண்ணாடி தெறித்துப் போயிருந்தது.

மகள் ஓடிப்போய்த் தூக்கினாள். "என்னம்மா, படி தெரியலையா?"

"தெரியலடி" என்றாள். வலியில் முகம் சுருங்கியிருந்தது. ஆனால் குரல் சாதாரணமாக இருந்தது. "கொஞ்ச நாளாவே தெரியல."

"எவ்வளவு நாளா?"

அவள் என்னைப் பார்த்தாள். மகளும் என்னைப் பார்த்தாள்.

இரண்டு நாள் கழித்துத் தஞ்சாவூர் கண் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். ஒரு இருட்டு அறையில் வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். உள்ளே எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அழுத்த வேண்டும். நான் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இயந்திரத்தின் சன்னமான சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புள்ளி வருகிறது என்று புரிந்தது. அவள் கட்டைவிரல் அசையவே இல்லை. சத்தம், சத்தம், சத்தம். எப்போதாவது ஒருமுறை அழுத்துவாள். "கவனமாப் பாருங்கம்மா" என்றார் பரிசோதிக்கும் பெண். "பாத்துட்டுத்தான் இருக்கேன்மா" என்றாள் இவள்.

மருத்துவர் வயதானவர். அச்சாகி வந்த தாளை எங்கள் முன் வைத்தார். இரண்டு வட்டங்கள். இரண்டிலும் நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவு மட்டும் வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு.

"கண்ணுல பிரஷர். வலியே தெரியாம வர்றது" என்றார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "கடைமடைதான் சார் முதல்ல காயும். தலைமடையில தண்ணி ஓடறதைப் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்குவோம். நேர் பார்வை கடைசி வரைக்கும் இருக்கும். அதான் ஏமாத்திடும்."

"சரியாயிடுமா டாக்டர்?" என்று மகள் கேட்டாள்.

"போனது வராதும்மா. இருக்கிறதைக் காப்பாத்தப் பாப்போம். சொட்டு மருந்து, தேவைப்பட்டா ஆபரேஷன். முன்னாடியே எதுவும் தெரியலையா? இடிச்சுக்கிறது, படிக்கிறப்ப வரி மாறிப்போறது?"

நான் அந்தத் தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

திரும்பி வரும்போது காரில் அவள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். பாபநாசம் தாண்டிய பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் விட்டதெல்லாம் கண்ணாலதானாங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எது?"

"உங்க கதையில வரியெல்லாம். எனக்கு மூளைதான் மங்குதோன்னு பயந்துட்டே இருந்தேன். எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல. தினம் ராத்திரி படுத்துட்டு வாய்ப்பாடு சொல்லிப் பாப்பேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சரியா வரும். அப்புறம்தான் தூக்கம் வரும்." மூச்சை இழுத்து விட்டாள். "கண்ணுதானா. பரவால்ல."

நிம்மதியாகச் சொன்னாள். அந்த நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை. முன் இருக்கையிலிருந்த மகள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, வயலோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து ஏறினேன்.

மகள் ஊருக்குக் கிளம்பும் முன் என்னிடம் தனியாகப் பேசினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "போன வருஷம் அம்மா ஃபோன்ல சொன்னாங்கப்பா, கண்ணு சரியில்ல, அப்பா அழைச்சிட்டுப் போறேன்னிருக்காங்கன்னு. நீங்க அழைச்சிட்டுப் போயிருப்பீங்கன்னு நான் விட்டுட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அம்மாவுக்கு டைப்பிங் கத்துக்குடுத்திருக்கவே கூடாது" என்றாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருப்பேன்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. சொட்டு மருந்தை நான்தான் போட்டேன், காலையில் இரண்டு, இரவில் மூன்று. ஒருவேளைகூடத் தவறவில்லை. ஆனாலும் அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்தப் புளியங்கொட்டை வெள்ளையும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு சொல்லை முழுதாகப் பார்க்க முடியாமல், இரண்டிரண்டு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ஒருநாள் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "என்னமோ ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை மாதிரி இருக்கு. போதுங்க" என்றாள்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். அது ஒரு பிராயச்சித்தம் என்று எனக்குள் வைத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றுவிட்டதால் நாள் முழுதும் வீட்டில்தான். நூலகத்துக்குப் போய் அவளுக்குப் பிடிக்கும் என்று தோன்றிய புத்தகங்களை எடுத்துவந்தேன். மதியம் ஒன்றரைக்கு அவள் படுத்துக்கொள்ள, நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன்.

இரண்டாம் நாள் சொன்னாள், "மேடையில பேசறாப்புல படிக்காதீங்க." குரலைத் தணித்துக்கொண்டேன். ஒரு வாரம் போனது. பனிப் பிரதேசத்துப் பயணக் கதை ஒன்று. நாய்கள் ஒவ்வொன்றாகச் சாகிற இடம். நிமிர்ந்து பார்த்தால் அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடினேன்.

"தூங்கல" என்றாள்.

"பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேறங்க." எழுந்து உட்கார்ந்தாள். "படிக்கிறப்ப நான் தனியா இருப்பேன். என்னை யாரும் தேட மாட்டாங்க. எந்த இடத்துல நிக்கணுமோ நிப்பேன், எதைத் தாண்டணுமோ தாண்டுவேன். இப்ப நீங்க படிக்கிறீங்க, எனக்கு உங்க சங்கடம்தான் கேக்குது. நாய் செத்ததுக்கு நான் அழுதா நீங்க படிக்கிறதை நிறுத்திடுவீங்களோன்னு அடக்கிக்கிட்டு இருக்கேன்."

நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பேசிக்கொண்டே போனாள். அப்படி அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

"நீங்க எழுதறதை நிறுத்தியிருக்கீங்க. எனக்காகன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. எழுதாம என் பக்கத்துல உக்காந்திருந்தா கண்ணு வந்துடுமா? காலையில நாலரைக்கு முழிப்பு வந்து நீங்க புரண்டுட்டு இருக்கிறது எனக்குத் தெரியும். அதையும் நான்தான் சுமக்க வேண்டியிருக்கு. நீங்க எழுதினப்பவும் உங்களைத்தான் பாத்துக்கிட்டேன். எழுதாதப்பவும் உங்களைத்தான் பாத்துக்கணுமா?"

"என் மேல கோவமா உனக்கு?" என்று கேட்டேன். அதுவரை கேட்கவே துணியாத கேள்வி.

உடனே இல்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள்.

"இருக்குங்க" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு நான் தனியாவே போயிருக்கலாம். பஸ் ஏறினா ஒரு மணி நேரம். போகல. உங்களைக் கேட்டுட்டு உக்காந்திருந்தேன். அந்தக் கோவம் என் மேலயும் இருக்கு. ரெண்டும் கலந்து கிடக்கு, எது எவ்வளவுன்னு எனக்குத் தெரியல."

கொஞ்ச நாளில் மகள் ஒரு செய்தி சொன்னாள். சென்னையில், பார்வை குறைந்தவர்களுக்குப் பயிற்சி தரும் இடம் ஒன்று இருக்கிறது. கைத்தடி வைத்து நடக்க, கைபேசியைக் காதால் கேட்டே இயக்க, தனியாகச் சமைக்க, எல்லாம் சொல்லித்தருகிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இவள் ஃபோனை வைத்த கையோடு பெட்டியை எடுத்துத் தரச் சொன்னாள்.

"நானும் வர்றேன். வீட்டைப் பூட்டிட்டுப் போயிடலாம்."

"நீங்க வர வேணாங்க."

"அங்க யாரு உன்னை..."

"அதுக்குத்தான் போறேன்" என்றாள். "நீங்க கூட இருந்தா நான் கத்துக்க மாட்டேன். கையைப் பிடிச்சுக்குவீங்க. நானும் பிடிச்சுக்குவேன்." புடவைகளைத் தடவிப் பார்த்து, துணியின் நெசவைக் கொண்டே எது எது என்று அடையாளம் கண்டு மடித்து வைத்தாள். நான் உதவப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மகள் வந்து அழைத்துப் போனாள். கும்பகோணம் ஸ்டேஷனில் காலை ரயில். பெட்டியில் ஏறும்போது கம்பியைத் தேடிப் பிடித்து அவளே ஏறினாள். சன்னலோர இருக்கை. நான் நடைமேடையில் சன்னலுக்கு அருகே போய் நின்றேன். அவள் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நின்ற இடம் அவளுக்குத் தெரியாத இடம். இங்கே இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் நின்றேன். புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் முகம் போல இருந்தது. பயம் இருந்தது, அதைவிட வேறு ஏதோவும் இருந்தது. அதில் நான் இல்லை. வண்டி நகர்ந்தபோது மகள் மட்டும் கையசைத்தாள்.

இப்போது நாலு மாதம் ஆகிறது. எனக்கு நாள் முழுதும் நேரம் இருக்கிறது. நாலரைக்கு விழித்துக்கொண்டு, எழுதவும் உட்கார்கிறேன். சில நாள் ஒரு பக்கம், சில நாள் ஒன்றுமில்லை. பகலில் படிக்கிறேன். எழுத்துக்கு உதவுமா என்று பார்க்காமல் கையில் கிடைத்ததைப் படிக்கிறேன். மதியம் கொஞ்ச நேரம் கண்ணயர்கிறேன். ஒருகாலத்தில் கூட்டங்களில் நான் இருப்பதாகச் சொல்லிக்கொண்ட ஒழுங்கு இதுதான். காலி வீட்டில் அது கச்சிதமாக நடக்கிறது.

மூன்று நாளைக்கு ஒருமுறை அவளே கூப்பிடுகிறாள். கைபேசி சொல்லச் சொல்ல என் எண்ணைத் தானே தேடி அழுத்துகிறாளாம். நேற்றுச் சாயங்காலம் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது.

"இன்னைக்கு நானே ரோட்டைத் தாண்டினேங்க. பெரிய ரோடு. ரெண்டு தரம்."

"ரெண்டு தரமா?"

"அந்தப் பக்கம் போனா திரும்பி வரணும்ல" என்று சிரித்தாள்.

நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறாளா என்று கேட்டேன். பிறகு, ஒரு மாதமாகக் கேட்காமல் வைத்திருந்ததையும் கேட்டுவிட்டேன்.

"எப்ப வர்ற?"

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம் கேட்டது.

"தெரியலங்க. பஸ் ஏற இன்னும் கத்துக்கல" என்றாள்.